வாடிக்கையாளருக்கு மட்டும்

"யாரு எடுத்தீங்க? மாம்பழ ஜூஸ், மேல பிரிச்ச பாக்கெட். யாரு எடுத்தீங்கன்னு கேக்குறேன்!"

பட்டுப்புடவைப் பிரிவில் நின்றிருந்த விற்பனைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தி. நகரில் அந்த ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடிக்கு சூப்பர்வைசர் மாணிக்கவாசகம் வைத்ததுதான் சட்டம். முகூர்த்தப் புடவையில் யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கொட்டியபோதுகூடக் குரலை உயர்த்தாத மனிதர், ஓசியில் கொடுக்கும் ஜூஸுக்கு இப்படிக் கத்துகிறாரே என்று யாருக்கும் விளங்கவில்லை.

"பிரிச்ச பாக்கெட்டை எவ சார் எடுப்பா?" என்றாள் ஜஹீதா. "எச்சி ஜூஸு சார் அது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ரத்னா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பாக்கெட் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

அதில் ஜூஸ் இல்லை. ராயப்பேட்டை பெரியாஸ்பத்திரியில் கொடுத்த இன்சுலின் குப்பி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். அதுவரை மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். மாடியில் இருப்பதோ ஒரே ஃபிரிட்ஜ். அதன் கதவில் 'வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதனால் காலி ஜூஸ் பாக்கெட்டின் தலையைக் கத்தரித்து, குப்பியை உள்ளே இறக்கி, பின்வரிசையில் சொருகி வைப்பாள் ரத்னா.

வாய் திறந்து கேட்டுவிட்டு வைக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். போன தீபாவளி வியாபாரத்தின்போது சுகர் இறங்கி மயங்கி விழுந்த, இதே மாடியில் வேலை பார்த்த ஃபிசாவை, "வீட்ல நல்லா ஓய்வு எடும்மா" என்று முதலாளி அன்பொழுகச் சொல்லி அனுப்பினார். அந்த ஓய்வு இன்னும் முடிந்தபாடில்லை. ரத்னாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவளுக்கு ஓய்வெல்லாம் கட்டுப்படியாகாது.

இன்றைக்குப் புதிதாக வந்த ஜூஸ் ஃபிரிட்ஜை அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டுத் துழாவியபோது தலை பிரிந்த பாக்கெட் தட்டுப்பட்டது. சட்டென்று பையில் போட்டுக்கொண்டு பாத்ரூம் பக்கம் திரும்புவதற்குள் இந்தக் கூப்பாடு.

"எடுத்தவங்க சத்தமில்லாம என் ரூமுக்கு வந்து குடுத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லும்போது மாணிக்கவாசகத்தின் பார்வை ரத்னா மேல் வந்து நின்றது. ஏ.சி.க்கு நேர் கீழே நின்றும் அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. அவர் போய்விட்டார்.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாறி கீற? ஒரு ஜூஸுக்குப் போய் சாருக்கு இன்னா வந்துச்சு?" என்றாள் ஜஹீதா.

"எனக்கும் ஒண்ணும் பிரியல ஜஹீதா."

"முதலாளி ஃபிரிட்ஜை செக் பண்ண சொல்லிகிறாரு போல. யாரோ சொந்த சாமான் வெச்சிக்கினுகீறாங்கன்னு மேட்டர் போயிருக்கும்."

ரத்னா சாப்பாட்டுப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்துவிட்டதென்றால் நேராகவே கேட்கலாமே? தெரியாதென்றால் தன்னை எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? எச்சில் பாக்கெட்டைத் திரும்ப வாங்கி அவர் என்ன செய்யப் போகிறார்? எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு இடித்தது. எதுவானாலும் மாட்டிக்கொண்டு அவமானப்படுவதைவிட, தானே போய்க் காலில் விழுவது மேல் என்று தோன்றியது.

அறையில் மாணிக்கவாசகம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு பருக்கையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், நான்தான் எடுத்தேன்." ரத்னா பாக்கெட்டை நீட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஜூஸு இல்ல சார், சுகர் மருந்து. முதலாளி கைல சொல்லிடாதீங்க சார். பசங்க படிச்சிக்கினுகீதுங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிடுங்காத குறையாகப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

"இதுல ஊசி போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தவர், மேஜை டிராயரை இழுத்து, தலை கத்தரித்த இன்னொரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

ரத்னா எட்டிப் பார்த்தாள். உள்ளே ஆஸ்பத்திரி முத்திரையோடு அவளுடைய குப்பி இருந்தது.

"சார், இதான் என்னோடது. அப்ப, நான் எடுத்தது?"

மாணிக்கவாசகம் தன் கையிலிருந்த பாக்கெட்டைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்த இன்சுலின் குப்பியைப் பொத்திக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நீ ஒளிச்சு வைக்கிறதைப் பார்த்துதான் நானும் கத்துக்கிட்டேன்" என்றார்.