ஏகமனதாக

ஒற்றுமை ஒன்றே உழவனின் உயிர் என்று முழங்கினார் மிராசுதார் சங்கத் தலைவர் சிவசாமி. கூட்டத்தில் இருந்தது ஒரே நாற்காலி. முழங்கிவிட்டு அதில் அவர் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களுக்குப் பாய்.

“ஆட்சி மாறினா மாறட்டும், கூலி மாறக் கூடாது. மேல வயல் அறுப்புக்கு நம்ம நீலமேகம் கூலியில கலத்துக்கு அரைப்படி நெல்லு கூடக் குடுத்திருக்காரு. அவரோட மீதி வயல்ல யாரும் அருவாளோட இறங்கக் கூடாது. மீறி இறங்கற ஆளுக்கு ஊர்ல வேற எங்கயும் வேலை கிடையாது. சரிங்கறவங்க கையத் தூக்குங்க.”

நீலமேகம் எழுந்து நின்றார். “கதிர் முத்தி நிக்குதுங்க. பத்து நாள்ல எல்லாம் கொட்டிடும். வீட்ல ஆறு பேர் சாப்பிடணும்.”

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தியாகராசன் மட்டும் தயங்கினார்.

“என்னங்க யோசனை? நீங்களும் குடுத்தீங்களா?” என்றார் பக்கத்துப் பாய் ரெங்கசாமி.

தியாகராசன் இரண்டு கையையும் தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தை முடிவதற்குள் நெல் முழுக்க மண்ணில் கொட்டியது. நீலமேகம் வந்த விலைக்கு வயலைத் தலைவருக்கே விற்றுவிட்டு, வேதாரண்யம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்.

அறுப்புக்கு வரும் ராஜாத்தியைத் தியாகராசன் தனியே கூப்பிட்டார். “நான் அரைப்படி கூடக் குடுத்தத யாருகிட்டயும் சொல்லிடாத.”

“எதுக்குங்க சொல்லப்போறேன்? எல்லா வீட்லயும் கொல்லைப்பக்கமா கூப்பிட்டுக் குடுக்கத்தானே செய்யறாங்க? வாசல்ல வச்சுக் குடுத்தது நீலமேகம் ஐயா ஒருத்தருதான்.”

“தலைவர் வீட்லயுமா?”

“அங்க ஒரு படிங்க.”