கேண்டீனில் லைன் ஸ்டாப்

கேண்டீன் கல்லாவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கல்லூரியில் யாரோ ஒரு பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரே சந்தோஷம், விளக்கு வேலை செய்கிறது.

சந்தோஷப்பட்டது தப்புதான். ஆனால் ஸ்டூல் மேல் ஏறி வயரிங் செய்தவன் நான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகளில், லைனில் வேலை பார்ப்பவர்கள் தலைக்கு மேல் எட்டும் தூரத்தில் ஒரு கயிறு போகும். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால்கூட அதை இழுக்கலாம். விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடிவருவார். கயிற்றை இழுத்தவரைத் திட்டக் கூடாது. குறையைச் சரிசெய்த பிறகுதான் லைன் நகரும்.

எங்கள் சின்ன பொறியியல் கல்லூரியில் மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவை என் தலையில் கட்டியபோது இந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கேண்டீனில் ஜாதி, மதம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பஸ் ரூட் பார்ப்போம். காலையில் ஒரே காலேஜ் பஸ்ஸில் வந்தவர்கள் மதியம் ஒரே மேஜை. குன்றத்தூர் பஸ் ஒரு பக்கம், சுங்குவார்சத்திரம் பஸ் ஒரு பக்கம். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குப் பஸ்ஸே கிடையாது.

போன செமஸ்டரில், சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த தங்கமாரி படிப்பைப் பாதியில் விட்டுப் போனாள். காரணம் கேட்டேன். "சோத்துத் தட்டோட எங்க போய் உக்காரன்னு தெரியல சார்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால்தான் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு சுவிட்ச் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பல்பு. எதைப் போட்டாலும் எரியும். போட்ட சுவிட்சிலேயே அணைத்தால்தான் அணையும். போட்டது யார் என்று வெளியே தெரியாது. 'இங்கே யாராவது தனியாகச் சாப்பிட்டால் சுவிட்சைப் போடவும். விளக்கு அணையும் வரை வகுப்பு தொடங்காது' என்று சுவரில் எழுதியும் வைத்தேன்.

இந்த யோசனை முழுக்க ஒர்க்‌ஷாப்பில், லேத் மெஷின் பக்கத்தில் மதியம் சாப்பிடும்போது வந்தது. ஸ்டாஃப் ரூமில் யோசனையைச் சொல்லிப் பார்க்கவே முடியாது. நான் ஆரம்பித்ததும் ராஜசேகர் சாருக்குப் போன் வந்துவிடும். லேத் மெஷினுக்குப் போன் வராது.

'வகுப்பு தொடங்காது' என்ற வரிதான் தாளாளர் எல்லப்பனைக் கேண்டீன் வரை வரவழைத்திருந்தது. இன்றைக்கு ஒரு நாள் பார்ப்பாராம். மணி அடித்த பிறகும் எரிந்துகொண்டிருந்தால் பல்பைக் கழற்றிவிட்டு, குழுவையும் கலைத்துவிடுவாராம். கலைத்துவிட்டால் அடுத்து வரும் தங்கமாரி யாரிடம் போய்ச் சொல்வாள்? நான் ஓடினேன்.

முதலில் தூத்துக்குடி செல்லக்கனி. ஹாஸ்டலுக்குப் புதிது, நிச்சயம் இவள்தான். துணைக்கு யாரும் இல்லையாம்மா என்று குனிந்து விசாரித்தேன். பயப்படாமல் இருக்கட்டுமே என்று கயிற்றின் கதையையும் சொன்னேன். அவளைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"இவளுவ கூடத்தான் சாப்பிடுதேன் சார். சோறுதான் ஆறிப்போச்சு," என்றாள்.

அடுத்தது ஒடிசாவிலிருந்து வந்த லிப்சா. எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, போதாததற்குக் கையையும் ஆட்டி விசாரித்தேன். மேஜையே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா சுங்குவார்சத்திரத்துக்கு வேலைக்கு வந்தபோது அவள் கைக்குழந்தையாம்.

"இன்னா வோணும்னு தமிழ்லயே கேளுங்க சார்," என்றாள் லிப்சா.

கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ரகு தனியாக நின்றிருந்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று தோளைப் பிடித்து அழைத்துவந்து ஒரு மேஜையில் உட்காரவைத்தேன். கேண்டீன் நடத்தும் ஞானம்மாவிடம் சொல்லி ஒரு தட்டு சாம்பார் சாதமும் வாங்கிக் கொடுத்தேன். அவன் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தானாம். வாத்தியார் வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று இன்னொரு முறை சாப்பிட்டான். விளக்கு மட்டும் அணையவில்லை.

மணி அடித்தது. தாளாளர் ஏணி இருக்கிறதா என்று ஞானம்மாவைக் கேட்டார்.

பல்பில் கோளாறில்லை, ஏதோ ஒரு சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது, கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்றால், என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவருக்கும் போன் வந்துவிட்டது. அதைக் காதில் வைத்தபடி வாசல் பக்கம் நகர்ந்தார். ஞானம்மா ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

அப்போதுதான் கடைசி மேஜையிலிருந்து குன்றத்தூர் ஷாரோன் கையைத் தூக்கினாள். என் வகுப்பில் வாயே திறக்காத பெண். சுவிட்சைப் போட்டது தான்தான் என்றாள். அந்த மேஜையில் பஸ் ரூட்டெல்லாம் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா தனியாச் சாப்பிடறது? சீக்கிரம் பேரைச் சொல்லு, நானே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்," என்றேன்.

ஷாரோன் தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒர்க்‌ஷாப்ல இருக்கிற உங்க டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வாங்க சார், அணைச்சிடறேன்."