கத்துகிற பெட்டி

மரியநாயகி உலக்கையை ஓங்கி அடித்தாள். கிறேஸ் வீட்டு யன்னல் கண்ணாடி நொறுங்கி மழைத் தண்ணீருக்குள் விழுந்தது.

ஒழுங்கையால் வந்த கிறேஸின் புருசன் குருசுமுத்து, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "அக்கா! என்ரை வீட்டை ஏன் உடைக்கிறியள்? விசரோ உங்களுக்கு?"

நாரந்தனையில் இந்தச் சண்டை தெரியாதவர்கள் இல்லை. கிறேஸின் தமையன் நோர்வேயிலிருந்து கொண்டுவந்து சுவரில் பூட்டிய வெள்ளைப் பெட்டிதான் காரணம். ஜெனரேற்றர் புகையில் மணமே இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறதாம்; அது வீட்டுக்குள் வந்தால் பெட்டி கத்துமாம். பின்விறாந்தையில் ஜெனரேற்றர் ஓடிய நாளெல்லாம் பெட்டி கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரியநாயகியும் கத்தினாள்.

இன்று மழைக்காகக் கதவு, யன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தன. உள்ளே ஜெனரேற்றரின் உறுமல் மட்டும் கேட்டது.

"பெட்டியை உடைக்கத்தானே வந்தனீங்கள்?" குருசுமுத்து உலக்கையைப் பிடித்தான். அவள் அவனைத் தள்ளி விழுத்தினாள். உடைந்த யன்னலுக்குள் கையை விட்டுப் பக்கத்துக் கதவின் கொண்டியைக் கழற்றி உள்ளே பாய்ந்தாள்.

கிறேஸைக் கையில் பிடித்து இழுத்துவந்து முற்றத்துச் சேற்றில் போட்டாள்.

"என்ரை மனிசியிலை கை வையாதேங்கோ!"

கிறேஸ் எழும்பவில்லை. முனகினாள், வாயால் சத்தி எடுத்தாள். குருசுமுத்து ஓடிப்போய் அவளின் தலையைத் தாங்கினான். அதற்குள் மரியநாயகி மறுபடி உள்ளே போய், அவன் மகள் நிலக்சனாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தில் மழை விழுந்ததும் பிள்ளை இருமி, வீரிட்டு அழுதது.

அந்த அழுகை கேட்ட பிறகும் மரியநாயகிக்குக் கோபம் அடங்கவில்லை.

"எந்த மடையன் ஜெனரேற்றரைக் குசினிக்குள்ளை வைச்சது?"

"நான்தான் அக்கா. மழை நனைக்குமெண்டு உள்ளுக்கை வைச்சுப்போட்டுக் கடைக்குப் போனனான்."

"மிசின் ஓடுது, பெட்டி கத்தேல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை. வேலியாலை கூப்பிட்டுப் பாத்தன், ஒரு சத்தமுமில்லை." அவள் அவனுடைய சேட்டைப் பிடித்து உலுப்பினாள். "ஒவ்வொரு நாளும் என்ரை உயிரை எடுக்கிற பெட்டி இண்டைக்கு மட்டும் ஏனடா கத்தேல்லை? சொல்லடா!"

குருசுமுத்து தலை குனிந்தான்.

"உங்கடை ஏச்சுத் தாங்கேலாமல் காலமை பற்றரியைக் கழட்டிப்போட்டன், அக்கா."