நாற்பது கைத்தட்டல்

விடியற்காலையில் சூளையில் செங்கல் சுமந்ததில் பூவிழியின் உள்ளங்கைகள் கொப்புளம் கண்டு எரிந்தன. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தாள். ரோபோ போட்டி பார்க்க உட்காரவைத்த பிள்ளைகள் தலைக்கு ஐந்நூறு முறை கை தட்டியாக வேண்டும். மணிக்கட்டில் கட்டிய பட்டை எண்ணும். குறைந்தால் அரையாண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

"தொடையில தட்டுடி, வலிக்காது," என்றாள் பக்கத்தில் இருந்த ஷகிலா.

"அதெல்லாம் பாத்துட்டேன். உள்ளங்கை ரெண்டும் மோதுனாத்தான் ஏறுது."

நானூற்று அறுபதில் களத்தில் அலறல் கேட்டது. எட்டாம் வகுப்பு எஸ்தரின் விரல்கள் அவள் ரோபோவின் இரும்புப் பிடிக்குள் மாட்டியிருந்தன. போட்டி நேரம் முடிய இரண்டு நிமிடம்தான். எண்ணிக்கையை முடிக்கக் கூட்டம் இன்னும் வேகமாகத் தட்டியது. அந்த இரைச்சலில் எஸ்தர் கத்தியது நடுவருக்கு எட்டவில்லை.

"நிறுத்துங்கடி, சனியனுங்களா!"

பூவிழி கத்திக்கொண்டே தடுப்பைத் தாண்டி ஓடி, ரோபோவின் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாள். பிடி தளர்ந்தது. எஸ்தரின் விரல்கள் நசுங்கியிருந்தாலும் ஒன்றும் துண்டாகவில்லை. பூவிழியின் கொப்புளங்கள் உடைந்திருந்தன.

வாசலில் விளையாட்டு ஆசிரியர் அவள் பட்டையைப் பார்த்தார்.

"நல்ல காரியந்தான் செஞ்சே, புள்ள. பட்டைக்கு அது தெரியாதே."

பச்சை எழுத்து ஒளிர்ந்தது: பூவிழி, ஒன்பதாம் வகுப்பு. பாக்கி, நாற்பது கைத்தட்டல்.