முழுச் சுற்று

வெண்டல் படியேறி வரும் சத்தம் கேட்டது. முதல் மாடியைத் தாண்டிவிட்டார்.

எனக்குப் பயம். அறுபத்தெட்டு வயதில், ஒரு பொம்மை ரயில் பெட்டிக்காக.

பொம்மை என்று எங்கள் குட்டி ரயில் சங்கத்தில் சொன்னால் அடிக்க வருவார்கள். உள்ளங்கையில் அடங்கும் பழுப்பு நிறச் சரக்குப் பெட்டி அது. எண் 4417. ஆறு வருடமாக மின்னசோட்டா மாநிலம் முழுக்க வீடு வீடாகச் சுற்றுகிறது. அவரவர் நிலவறையில் கட்டி வைத்திருக்கும் குட்டி ரயில் பாதையில் அதை ஓட்டி, படம் எடுத்து, அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தபாலில் அனுப்பக் கூடாது. கொண்டுவந்தவர், பெட்டி அங்கே ஒரு முழுச் சுற்று ஓடியதை நேரில் பார்த்துவிட்டு, கூடவே வரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி.

என் வீட்டு முறை வந்ததும் மூன்று தடவை தட்டிக் கழித்தேன். காய்ச்சல் என்றேன். தண்டவாளம் மாற்றுகிறேன் என்றேன். அக்கா வருகிறாள் என்றேன். எனக்கு அக்காவே கிடையாது.

இன்று, பெட்டியைக் கொண்டுவர வேண்டிய வெண்டல் வரலாமா என்று கேட்கவில்லை. பிரெய்னெர்ட் ஊரிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று மட்டும் செய்தி அனுப்பினார்.

இரண்டாம் மாடி. மூச்சு வாங்க நிற்கிறார்.

நிலவறை முழுக்க எண்பதடிப் பாதை, இரண்டு ஊர், ஒரு மலை என்று ஒன்பது வருடமாகச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் படம் போட்டு வருகிறேன். மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு நிலவறை ஏது?

இருப்பது ஒரு பலகை. சாப்பாட்டு மேசை மேல், ஐந்தடி நீளத்துக்கு. அதில் நேராக ஒரு தண்டவாளம், ஒரு ஸ்டேஷன். ஊர்ப் பெயரை மாற்றி வைத்தால் இன்னொரு ஊர். சோள மாவு தூவினால் பனிக்காலம். பலகையின் கோடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிற்க வைத்தால் ஐந்தடி பத்தடியாகி, பாதை எங்கோ போய்க்கொண்டே இருக்கும்.

இந்த லட்சணத்தில் வாயையாவது மூடிக்கொண்டு இருந்தேனா? யார் படம் போட்டாலும் நொட்டை சொன்னேன்.

வெண்டலையும் விடவில்லை. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்த படம் அவருடையது. கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும் பாதை. அதன் பாதி வழியில், தண்டவாளத்தை ஒட்டி, உச்சி ஒடிந்த ஒரு பைன் மரம். ரயிலுக்கே வழிவிடாத மரத்தை எந்த ஊரில் நடுகிறார்கள் என்று கேட்டு எழுதினேன். இருநூறு பேர் சிரித்தார்கள். அவர் பதில் எழுதவில்லை.

கதவைத் தட்டினார்.

வீட்டில் ஆள் இல்லாதது போல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். விளக்கு எரிகிறது. காபி மணம் படி வரைக்கும் போயிருக்கும். திறந்தேன்.

தோளெல்லாம் பனி. கோட்டுக்குள் பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னய்யா ஆர்லோ, குளிர்ல வந்தவன் நானு. நீ எதுக்கு நடுங்குற?”

மேசையைக் கை காட்டினேன்.

பலகையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த இரண்டு ஊர்ப் பெயர் அட்டைகளையும் படித்தார். பிறகு பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

முடிந்தது என் கதை. ஒரே ஒரு படம் போதும். அந்த இருநூறு பேரும் இனி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்பது வருடமாக எனக்கு இருக்கும் மனிதர்களே அவர்கள்தான்.

ஆனால் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அவர் 4417ஐத் தண்டவாளத்தில் ஏற்றி, என் இன்ஜினோடு மாட்டினார். ஓட்டினேன். ஐந்தடி ஓடிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. இரண்டையும் கையால் தூக்கி, கிளம்பிய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

நோட்டைத் திறந்து எழுதினார்: ‘முழுச் சுற்று ஓடியது. நேரில் பார்த்தேன்.’ அதற்கு மேலே, வேறொருவர் கையெழுத்தில், வெண்டல் வீட்டைப் பற்றியும் அதே வரி இருந்தது.

கேலி செய்கிறாரா? முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுபடி கைபேசியை எடுத்தார். குனிந்து, பலகை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“இப்படியே எடுத்தா மாட்டிப்பய்யா. கண்ணாடில நம்பர் திரும்பி விழுது பாரு. நீ போடுற படம் எல்லாத்துலயும் விழுது. சொல்லணும் சொல்லணும்னு மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

சட்டைப் பையில் கையை விட்டு, மெல்லிய தாளில் சுற்றியிருந்த எதையோ எடுத்துப் பிரித்தார். கண்ணாடிக்கு முன்னால், திரும்பி விழும் நம்பரை மறைக்கும்படி, தண்டவாளத்தை ஒட்டி நட்டார்.

உச்சி ஒடிந்த பைன் மரம்.