கடைசிப் படி

மாசிலாவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஸ்லோவேனிய நாட்டுப் புதிய இசையமைப்பாளர்களின் கச்சேரிக்கு அவனும் ஒச்சுவும்தான் பெரிய முரசை மேடையேற்றினார்கள். படிகளில் பின்னோக்கி ஏறுகிறவனுக்கு, கீழிருந்து தூக்குகிறவன் ஒவ்வொரு படிக்கும் “படி” என்று குரல் கொடுக்க வேண்டும். போன வருஷம் இங்கே பியானோ ஏற்றியபோது, வாயில் பீடி இருந்ததால், கடைசிப் படிக்கு மாசிலா குரல் கொடுக்கவில்லை. மேலே பின்னோக்கி ஏறிய அருளப்பன் தடுக்கி விழுந்து, பியானோவுக்கு அடியில் செத்துப்போனான். இப்போது இருவரும் திரையோரம் நின்று கச்சேரியைக் கேட்டார்கள். “இதென்ன ஒச்சு, இழவு வீடு மாதிரி?” “சுரங்கத்துல செத்த அப்பனுக்கு மகன் எழுதுனதாம்ண்ணே.” முரசு ஒவ்வோர் அடியாகத் தளர்ந்து, கடைசி அடிக்கு முன்னால் நின்றது. அரங்கமே மூச்சடக்கிக் காத்திருந்தது. “படி!” என்று கத்தினான் மாசிலா. தலைகள் திரும்பின. “சோத்துல மண்ணப் போட்றாதண்ணே” என்று ஒச்சு அவன் வாயைப் பொத்தினான். இப்போது கத்தியும், அருளப்பனுக்கு மாசிலா தர வேண்டிய அந்த ஒரு குரல் இன்னும் பாக்கி.