புதுச் செயின்

லாக் பின் ட்ரேயில் இல்லை.

கிருபாகரன் ஸ்பேனர்களைத் தள்ளிப் பார்த்தான். காருக்கு அடியில் குனிந்து மணலைத் துழாவினான். இல்லை.

டைமிங் செயின் மாற்றும்போது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அமுக்கி ஒரு சின்னக் கம்பியைக் குத்திவைப்பார்கள். அதுதான் லாக் பின். கவரை மூடும் முன் உருவிவிட வேண்டும். மறந்தால் செயின் தொளதொளவென்று ஓடும். எங்கேயாவது பல் தாண்டும். வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

கம்பி ட்ரேக்கு வந்த பிறகுதான் சாவியைத் திருகலாம். நெம்மேலியில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து அவன் வைத்திருந்த சட்டம்.

கவரை மூடியாகிவிட்டது. மறுபடி திறந்து மூட மூன்று மணி நேரமாகும்.

ஈசிஆரில் ஒரு லாரி போனது. ட்ரே அதிர்ந்தது.

டிரைவர் சீட்டிலிருந்து வாசுதேவன் ஹாரன் அடித்தான். கார் அவனுடையது, வாடகைக்கு ஓட்டுகிறான். இன்றைய சவாரி கிருபாகரன்தான். பத்தரைக்குச் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

"இன்னாத்த தேடிகினு கீற மச்சான்? ஜட்ஜு உனுக்காக நாஸ்தா துன்னாம காத்துகினு இருப்பாரா? கூண்டுல ஏறி ஒரு வார்த்த சொல்லு, அந்த லாரிக்காரன் காலி."

லாரிக்காரன் பெயர் தனகோடி. போன வருஷம் திருவிடந்தை அருகே, கிருபாகரனின் மனைவி சிநேகா ஓட்டிப்போன காரைப் பின்னாலிருந்து இடித்தவன். அவள் அங்கேயே இறந்துபோனாள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அவள் கார் திடீரென்று நடுரோட்டில் நின்றுவிட்டது என்று தனகோடி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

கிருபாகரன் கையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினான். கூடவே ஒரு கம்பி வந்து தரையில் விழுந்தது.

வாசுதேவன் இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே அதை எடுத்து ட்ரேயில் போட்டான்.

"தோ, பாக்கெட்லயே வெச்சிகினு ஊரெல்லாம் தேடுது பாரு."

அது இந்த வண்டியின் கம்பி இல்லை.

அதன் நுனி வளைந்திருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த சிநேகாவின் காரை அவன் தனியாகப் பிரித்தபோது, டென்ஷனரில் குத்தியபடியே இருந்தது. குத்தியவனும், ட்ரேயைப் பார்க்காமல் அவளிடம் சாவி கொடுத்தவனும் அவன்தான். விபத்தன்று காலை போகிற வழியில் அவள் போன் செய்து, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள். புதுச் செயின், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நீதிபதியின் மேஜையில் வைக்கத்தான் இன்று அதை எடுத்துக்கொண்டான்.

இது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், அப்போது இது எது என்று வாசுதேவன் கேட்பான்.

வாசுதேவன் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. பானெட்டுக்குள்ளிருந்து கடகடவென்று வந்தது.

"இன்னா மச்சான், சவுண்டு வுடுது?"

கிருபாகரன் ட்ரேயைப் பார்த்தான். கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"புதுச் செயின்டா. அப்டித்தான் இருக்கும்."